ஒரே பாங்கு, ஒரே வரிசை

வெளியே நிற்பவருக்கு வேறு வேலையே இல்லை என்று உள்ளே இருப்பவனும், உள்ளே இருப்பவன் வேலையே செய்வதில்லை என்று வெளியே நிற்பவரும் நம்பிக்கொண்டிருப்பதுதான் பாங்குத் தொழில். இரண்டு பக்கமும் அவதிப்பட்ட அன்பர்களே, வடக்கனந்தலில் எங்கள் பாங்கை எதிர்வரிசை பாங்கோடு இணைத்த கூத்தைக் கேளுங்கள்.

கேக்கும் ஐரோப்பாவும்

இணைப்பைக் கொண்டாட வாடிக்கையாளர் கூட்டம். மும்பையிலிருந்து வந்த அதிகாரி கேக் வெட்டி, ஐரோப்பாவில் சின்ன பாங்குகளெல்லாம் சேர்ந்து எப்படிக் கொழிக்கின்றன என்று திரையில் படம் போட்டு விளக்கினார். அதை நான் தமிழில் சொன்னேன், புரிந்த மாதிரியே. கடைசியில் கேக் வாங்க வந்த அஞ்சலை, கரும்பு வெட்டும் கூலிப் பெண், என் காதருகே கேட்டாள்: "அந்த ஊர்ல பொண்டாட்டி ஒரு பாங்கு, புருசன் ஒரு பாங்குன்னு பணம் போட்டுக்கினு இருந்தவங்கள எல்லாம் இன்னா சார் பண்ணாங்க?"

எதிர்வரிசை ரகசியம்

மறுநாள் விஷயத்தை உடைத்தாள். புருசன் முருகேசன் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரைவர். அவன் கணக்கு எதிர் பாங்கில். அவன் கால் வைக்காத இடம் என்றுதான் மகளின் நர்ஸ் படிப்புக்கு எங்களிடம் ரகசியமாகப் பணம் சேர்த்து வந்திருக்கிறாள். இனி இருவருக்கும் ஒரே கவுண்டர், அங்கே நான்! "குடிப்பாரா?" என்றேன். "சேச்சே! அவுரு தங்கமான மனுசன் சார். யாரு வந்து கேட்டாலும் எடுத்துக் குடுத்துடுவாரு, அவ்ளோதான்."

சிஸ்டம் படுத்தது

இணைந்த முதல் வாரமே வந்தது வினை. அஞ்சலை பணம் கட்ட வரிசையில் நிற்கிறாள். நான்கு பேர் தள்ளி முருகேசன் வந்து நிற்கிறான். அவனைப் பார்த்ததும் அவள் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். ஆள் யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. நம் தொழிலில் ஆபத்துக்கு உதவும் ஒரே பொய்யைச் சொன்னேன்: "சிஸ்டம் டவுன், மதியம் வாங்க!" அஞ்சலை நழுவிவிட்டாள். முருகேசன் மட்டும் நகராமல் கத்தினான்: "எங்க பாங்குல நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துச்சு? உங்களோட சேந்ததும் அதுவும் படுத்துக்கிச்சு!"

போன் நம்பர்

அடுத்தது, எல்லாக் கணக்குக்கும் போன் நம்பர் கட்டாயம் என்றார்கள். அஞ்சலை வீட்டில் அவளுக்கென்று போன் கிடையாது. முருகேசன் நம்பரைக் கொடுத்தால் அடுத்த நிமிடமே அவனுக்கு மெசேஜ் போகும், பெண்ணின் படிப்பும் கூடவே போகும். இரண்டு நாள் கழித்து வந்தாள். கூடவே அவள் மாமியார். போச்சுடா, மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். கிழவி மடியிலிருந்து பட்டன் போனை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். "இந்த நம்பரப் போட்டுக்கோ சார். இனிமே என் பென்சன் வாங்க வர்றப்ப இவளும் தொணைக்கு வருவா. அவனப் பெத்தவ நானு, அவன் கையில காசு தங்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

இரண்டு பாங்குகள் சேர்ந்ததற்கு மும்பையிலிருந்து வந்து கேக் வெட்டினார்கள். மாமியாரும் மருமகளும் சேர்ந்ததற்கு ஒரு டீ கூட யாரும் வாங்கித் தரவில்லை.