ஏழுமலை அண்ணா விட்டுக்கொடுத்த இரண்டு நாள்

ஏழுமலை அண்ணா போய்விட்டார்.

மதியம் அவருடைய நம்பரிலிருந்தே வாட்ஸ்அப் வந்தது. "அக்கா, நைனா காலைல தவறிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…" அவர் மகள் அனுப்பியிருந்தாள். கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. பழவேற்காட்டு மீனவர். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் ஏன் அடிக்கடி மணல் மூடி அடைத்துக்கொள்கிறது என்று பார்க்கப் போன எங்கள் ஆராய்ச்சிக் குழுவுக்குப் படகு ஓட்டியவர்.

அந்தக் குழுவில் நான்தான் கடைசி ஆள். மணிக்கு ஒரு முறை லாக் ஷீட் எழுதுவது என் வேலை.

முதல் நாளே படகில் எனக்கு வாந்தி. கடலில்கூட இல்லை, ஏரியில்! அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா பாப்பா, ஏரிக்கே இப்டின்னா கடலுக்கு எப்டி வருவ? கடல் படிப்பு படிச்சேன்னு வெளிய சொல்லிடாத!"

அதற்கப்புறம் தினமும் மறக்காமல் எனக்காக ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவருவார். கேட்டால், "படகு நாறுது, அதுக்குத்தான்" என்பார்.

சரி… சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நீரோட்டம் அளக்கும் கருவி ஒன்றை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இரண்டு நாள் தண்ணீருக்கடியில் வைக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில்தான் இறாலுக்கு வலை கட்டுவார்கள். எல்லோரும் ஒரே நாளில் கட்ட முடியாது. இன்றைக்கு ஒரு கூட்டம், நாளைக்கு வேறு கூட்டம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர்.

நாங்கள் கேட்ட இரண்டு நாளும் அண்ணாவின் ஆட்களுடைய பாடு. அதுவும் இறால் நன்றாக ஓடுகிற சமயம்.

"வலை மாட்டிச்சுன்னா மிஷினும் போச்சு, வலையும் போச்சு" என்று அவரே யோசித்தார். சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில் நின்று பேசினார். நானும் ஓரமாக இருந்தேன். "நம்ம ஏரி வாயி ஏன் அடைபடுதுன்னு பாக்க வந்துகீறாங்கோ. நம்ம நல்லதுக்குத்தான? ரெண்டு நாளு வலை கட்டாம வுடுங்கோ. நான் சொல்றேன்ல!"

முணுமுணுத்தார்கள். ஆனாலும் அவர் சொன்னார் என்று விட்டார்கள்.

அந்த இரண்டு நாளும் நாங்கள் படகில் இருந்தோம். லாக் ஷீட்டில் காற்று, வெப்பம், உப்புத்தன்மை… கடைசிப் பத்தி, 'மீன்பிடிப்பு'.

முதல் மணிக்கு 'இல்லை' என்று எழுதினேன். அதற்குக் கீழே மேற்படிக் குறி. அதற்குக் கீழேயும் அதே. தாள் முடியும்வரை அதே.

ஏன் இல்லை என்று எழுத ஒரு வரி போதும். எழுதவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தப் பத்தியில் இடம் சின்னதாக இருந்தது, வெயில் வேறு. அவ்வளவுதான்.

அண்ணா எட்டிப் பார்த்தார். "நாங்க ஒங்களுக்காக வலை கட்டாம வுட்டதையும் எழுதிக்கினியா பாப்பா?"

"எழுதிட்டேன் அண்ணா."

அவருக்கு ஒரே சந்தோஷம். பெரிய ரிப்போர்ட்டில் ஊர் பெயர் வரும் என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் அரசாங்கத்தில் கடலோர மேலாண்மைத் திட்டத்துக்கு வரைபடம் தயாரித்தார்கள். எங்கள் டேட்டாவைத்தான் எடுத்தார்கள். வலை கட்டுகிற அந்த இடம் மீன்பிடிப்பு இல்லாத பகுதி என்று வந்தது. அப்படியே உறுதியானால் அந்த இடத்துக்கு ஊர் உரிமை கேட்க முடியாது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஊரே எழுந்து கத்தியது. "அது எங்க பாடு சார்! எங்க சோறே அங்கதான் கீது!"

அதிகாரி திரையைக் காட்டினார். "ரெண்டு நாள் மணிக்கு மணி பார்த்து எழுதியிருக்காங்க. ஒரு வலைகூட இல்லையே?"

"நான்தான் சார் கட்ட வேணாம்னு சொன்னேன். மிஷினு வச்சாங்கோ, அதுக்காவ!" என்றார் அண்ணா.

"ரிப்போர்ட்ல அப்படி எதுவும் இல்லையே, ஐயா."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். முன்வரிசையில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஸ்லைடு மாற்றிக்கொண்டிருந்தது நான்தான்.

குனிந்துகொண்டேன். ஏதோ ஸ்லைடு தேடுவதுபோல… கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் மாதம் அது. வாயைத் திறக்கவில்லை. பாவி.

அடுத்த வாரம் போன் செய்தார். "ஊர்ல யாரும் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேச மாட்றாங்கோ பாப்பா. துட்டு வாங்கிக்கினு வலைய நிறுத்திட்டேன்னு சொல்றாங்கோ. நீ எழுதிட்டேன்னு சொன்னியே, அது எங்க போச்சு?"

"நான் எழுதினேன் அண்ணா. ஆபீஸ்ல எடுத்துட்டாங்க."

பொய். யோசிக்கக்கூட இல்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

"அதான பாத்தேன்! நானும் எல்லாருகிட்டயும் அதான் சொன்னேன். நம்ம பாப்பா எழுதாம இருக்குமா? வுடு, நீ இன்னா பண்ணுவ… ஒன் வேலைக்கு எதுனா ஆயிடப்போவுது, யாராண்டயும் கேக்காத."

என்னைச் சமாதானப்படுத்தினார். அவர், என்னை.

அதற்குப் பிறகு இரண்டு முறை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

அந்த லாக் ஷீட்டை இங்கே படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். கையெழுத்து என்னுடையது. எந்த ஆபீஸும் அதிலிருந்து எதையும் எடுக்கவில்லை. எடுக்க அதில் எதுவும் இல்லை.

அவர் ஊர்க்காரர்கள் யாராவது இதைப் பார்த்தால் எல்லோருக்கும் காட்டுங்கள். அவர் யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. நாளைக் காலை அடக்கத்துக்கு நானும் வருகிறேன், இந்தத் தாளோடு.

போய் வாங்க அண்ணா.

உங்க பாப்பா எழுதல.