அண்ணனும் நானும் எழுதிய நுழைவுத் தேர்வு

எண்பதுகளின் நடுவில், மருத்துவக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு வந்த புதிது. விளாங்குடியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் அதை எழுத இருந்தோம். அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்த நான், போன வருஷம் எழுதி இடம் கிடைக்காத என் அண்ணன். இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் திண்டுக்கல் ரோட்டிலிருந்த தன் சைக்கிள் கடைக்கு வந்துவிட வேண்டியதுதான் என்று அப்பா அவனிடம் சொல்லியிருந்தார்.

உயிரியல் அவனுக்கு நன்றாக வரும். இயற்பியல்தான் அவனைக் கவிழ்த்தது. பள்ளியில் பக்கம் பக்கமாக எழுதிப் பழகியவர்கள் நாங்கள். இங்கே நான்கு விடைகளில் ஒன்றைச் சட்டென்று குறிக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. அண்ணனுக்கோ கணக்கைப் பார்த்ததும் கை வேர்த்துவிடும். ஆனாலும் என்னிடம் கேட்க மாட்டான். என் பிளஸ் டூ மார்க் வந்ததிலிருந்தே என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தான். இந்தத் தேர்வுக்கென்று வீட்டில் இருந்தது ஒரே புத்தகம். காலையில் அவன், மதியம் நான்.

தேர்வு நெருங்கியபோது, ஒருநாள் அடுப்படியில் அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“இந்த வருஷம் நீ எழுதாத. அவனுக்குச் சொல்லிக் குடு. ஒனக்கு அடுத்த வருஷம் இருக்குல்ல?”

“அம்புட்டும் படிச்சிட்டு எழுதாம இருக்கச் சொல்றியாம்மா?”

“அவன் மூஞ்சியப் பாத்தியா? சோறு எறங்க மாட்டேங்குது.”

அரிசி களைந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. நிமிர்ந்தால் வாசற்படியில் புத்தகத்தோடு அண்ணன். எவ்வளவு கேட்டானோ தெரியாது.

“அவ எழுதுவாம்மா. நீ இதுல தலையிடாத” என்றான். பிறகு என்னைப் பார்க்காமலே, “இந்தச் சர்க்யூட் புரியல. வா.”

ஐந்து மின்தடைகள் கொண்ட படம் அது.

“நடுவுல இருக்கிறத விட்டுருண்ணே. அதுல கரண்ட்டே போகாது.”

“எப்படிச் சொல்ற?”

“ரெண்டு பக்கமும் விகிதம் ஒண்ணாத்தான இருக்கு?”

நடுவிலிருந்ததைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தான். “இதுக்கா காலையில இருந்து மல்லுக்கட்டுனேன்?” அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அடுத்த கணக்கை என் பக்கம் தள்ளினான். தேர்வு வரை சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து படித்தோம். அம்மா பாத்திரம்கூட உருளாமல் நடமாடினாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்தவனின் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. “பிசிக்ஸ்ல பாதிதான் தொட்டேன்” என்றான்.

“எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு.”

“பொய் சொல்லாத.”

எனக்கு இடம் கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. அப்பாவிடம் அவனே போய்ச் சொன்னான்: “அவளுக்குக் கெடச்சிருச்சுப்பா. நாளையில இருந்து நான் கடைக்கு வாரேன்.” மறுநாள் காலை கடையைத் திறந்தது அண்ணன்தான்.

நான் விடுதிக்குக் கிளம்பிய அன்று அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். அண்ணன் என் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு தெருவில் நின்றான்.