மேடையில் மூன்று ட்ரம்பெட்

அறுபதுகளில் யாழ்ப்பாணத்தில் ஒரு வாத்தியக் குழு இருந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் பாட்டுகளை ரேடியோவில் கேட்டுக் கேட்டுப் பழகி, கலியாண வீடுகளில் வாசித்த குழு. அதில் தான் ட்ரம்பெட் ஊதியதாக அப்பா சொல்வார். நான் ஒருநாளும் நம்பியதில்லை. பிறந்தநாள் பலூன் ஒன்றை ஊதினாலே மூச்சு வாங்கும் மனிதர். டீ குடிக்கும்போது கோப்பையில் மூன்று விரல்களால் தட்டிக்கொண்டே இருப்பார். அதுவும் எனக்கு எரிச்சல்.

இரண்டாயிரங்களின் நடுவில், அந்தக் குழுவில் மிஞ்சியவர்களை லண்டனில் வெம்பிளி மண்டபமொன்றில் மேடையேற்ற யாரோ ஏற்பாடு செய்தார்கள். அப்பாவுக்கும் அழைப்பு வந்தது. லண்டன் நோர்பரியில் இருந்த எங்கள் வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. புளுகு வெளிப்படப் போகிறது என்ற பயம்தான் என்று எனக்குள் ஒரு கள்ளச் சந்தோஷம்.

ஒத்திகைக்குக் கூட்டிப்போனபோது குழுவின் பழைய ட்ரம்ஸ்காரரைத் தனியே பிடித்தேன்.

"அங்கிள், அப்பா உண்மையா ஊதினவரோ?"

அவர் சுற்றிப் பார்த்தார். "மேடையில மூண்டு ட்ரம்பெட் நிக்காட்டி அந்தக் காலத்தில கலியாண வீட்டுக்காரர் எங்களைக் கூப்பிடாயினம். ஊதத் தெரிஞ்சது ஒராளுக்குத்தான். மற்ற ரெண்டு பேரும் சும்மா பிடிச்சுக்கொண்டு நிப்பினம். உங்கட அப்பா அதில ஒராள். ஊதின ஆள் செத்துப்போயிட்டார். இனிச் சத்தம் கீபோர்ட்டிலயிருந்துதான் வரும். வெளியில சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை."

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றிருந்தது. நிகழ்ச்சியன்று முன்வரிசையில் இருந்துகொண்டு, எங்கே தடுமாறுவார் என்று காத்திருந்தேன். தடுமாறவில்லை. சத்தம் எழும்பிய இடத்தில் கன்னம் உப்பியது, நின்ற இடத்தில் அடங்கியது. கோப்பையில் தட்டிய அதே மூன்று விரல்கள் ட்ரம்பெட்டின் மேல் ஓடின. சபை எழுந்து கைதட்டியது. அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊதாமலே இவ்வளவையும் மனப்பாடம் செய்திருக்கிறார்.

காரில் ஏறியதும், "நல்லா இருந்தது அப்பா" என்றேன்.

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "ஆர் உனக்குச் சொன்னது?"

"என்னத்தை?"

"இவ்வளவு காலத்தில நீ என்னை நல்லம் எண்டு சொன்னதில்லை. ஆரோ சொல்லிப்போட்டினம்."

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் நம்பவில்லை.