உள்ளங்கைச் சீனி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த நான், இப்போது பதுளையில் தாதியாக இருக்கிறேன். முதியோரின் நீரிழிவு பற்றிய ஆய்வுக்காகப் போன வருடம் எங்கள் தோட்டத்துக்கே போனேன்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முனியாண்டித் தாத்தாவிடம், "தேத்தண்ணிக்குச் சீனி போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"போடுறதே இல்லைங்க மிஸ்ஸி."

அப்படியே எழுதிக்கொண்டேன்.

மறுவாரம் போனபோது அவர் லயத்து வாசலில் மயங்கிக் கிடந்தார். நல்லவேளை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி கிடைத்தது. இரத்தத்தில் சீனி எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். எப்படியோ பிழைத்தார்.

வீடு திரும்பியவரைப் பார்க்கப் போனேன். அவருடைய மகள் எனக்குப் பால் சேர்க்காத சாயத்தண்ணி தந்தாள். கேட்காமலே என் இடது உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியையும் கொட்டினாள். தாத்தாவும் கையை நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம் போடு தாயி."

திடுக்கிட்டுப் போனேன். அவர் பொய் சொல்லவில்லை. தேத்தண்ணியில் சீனி போடுவதே இல்லை, கையில் வைத்து நக்கிக்கொண்டுதான் குடிக்கிறார். மலையில் வேலை முடிந்து வந்ததும் என் அப்பாவும் அப்படித்தான் குடிப்பார். மிச்சச் சீனியை என் கையில் தட்டிவிடுவார். அதை எப்படி மறந்தேன்?

இப்போதெல்லாம் கேள்வி கேட்குமுன் அவர்களோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறேன். சீனி வேண்டாம் என்று என் வாய் சொல்கிறது. இடது கை மட்டும் தானாக விரிந்துவிடுகிறது.