அழுக்குத் தங்கம்

எங்கள் அண்ணி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறார். சுத்தத்தில் கறாரானவர் என்பதால் அங்கே அவருக்கு 'சோப்பக்கா' என்று பெயர். வளைக்கக்கூடிய விளக்குத் தகடு செய்வதுதான் அவர்கள் வேலை. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் தங்கம் பூசி, அதன்மேல் ஒளிரும் கரிமப் பொருளைப் படியவிடுவார்கள். தங்கத்திலிருந்து மின்சாரம் அந்தப் பொருளுக்குள் தடங்கலின்றி நுழைய வேண்டும். அண்ணி தங்கத்தை வெற்றிடத்திலேயே வைத்து, காற்றுகூடப் படாமல் அடுத்த பூச்சை ஏற்றுவார். மற்றவர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

அவர் செய்த தகடுகள் அழுதுவடிந்தன. எதற்கெடுத்தாலும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லும் சக ஊழியர் ஒருவரின் தகடோ பளிச்சென்று எரிந்தது. தன் சுத்தம் போதவில்லையோ என்று அண்ணி இன்னும் மெனக்கெட்டார். பலனில்லை. கடைசியில் அவரிடமே போய்க் கேட்டார்.

"நீங்க என்னதான் பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைக்கா. தங்கம் பூசினதும் வெளிய எடுத்து மேசையில வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திட்டாதீங்க."

அண்ணி திட்டவில்லை. தன் தங்கத்தையும் வேண்டுமென்றே காற்றில் வைத்தார். அவர் தகடும் பளிச்சென்று எரிந்தது. புற ஊதா ஒளி பாய்ச்சி அளந்தபோது காரணம் பிடிபட்டது. தங்கத்தின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் சற்று வெளியே ததும்பி நிற்கும். துப்புரவான தங்கத்தில் கரிம மூலக்கூறுகள் நெருங்கி ஒட்டி, அவற்றை உள்ளே தள்ளிவிடுகின்றன. அதனால் மின்சாரம் தாண்ட வேண்டிய தடுப்பு உயர்ந்துவிடுகிறது. காற்றில் படிந்த மெல்லிய அழுக்கு, மூலக்கூறுகளை அவ்வளவு நெருங்க விடுவதில்லை. தடுப்பும் தாழ்ந்தே இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் அண்ணி எழுந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்தச் சட்டம் போட்டதே நீங்கதானேம்மா?" என்றார் இயக்குநர்.

"ஆமா சார். இந்த விஷயத்துல அது தப்பு. கண்டுபிடிச்சது இவர்தான், ஆய்வுக் கட்டுரையில இவர் பேரை முதல்ல போடுங்க."

"அய்யோ அக்கா, நான் டீ குடிக்கத்தான் போனேன்!"

கூட்டமே சிரித்தது. அண்ணியும் சிரித்தார். ஆனால் பெயர் விஷயத்தில் அவர் இம்மியும் நகரவில்லை.

அன்று சாயங்காலம், "மனசுக்குக் கஷ்டமா இல்லையா?" என்று அண்ணன் கேட்டான்.

"கொஞ்ச நேரம் இருந்துச்சுங்க. அப்புறம், ஏன் இப்படி ஆகுதுன்னு புரிஞ்ச சந்தோஷத்துல மறந்துபோச்சு."

காற்றின் அழுக்கு ஒரு நாளைப் போல மறுநாள் இருக்காதாம். அதற்குப் பதிலாக, அளவாகப் பூசக்கூடிய ஒரு மெல்லிய படலத்தைத் தேடி இப்போது அலைகிறார். சட்டத்தை மாற்றி எழுதிவிட்டார். வீட்டில் மட்டும் பழைய சட்டம்தான். செருப்போடு உள்ளே வந்தால் யாராக இருந்தாலும் தொலைந்தோம்.