எழுத ஏலும், வாசிக்க ஏலாது

ஹெக்டர் கடைப் பலகைகளுக்கும் வள்ளங்களுக்கும் பெயர் எழுதுகிறவர். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போகும்வரை துறைமுகத்து மிதவைகளுக்கு இலக்கம் எழுதினார். பிறகு ஊருக்கு எழுதினார். மற்றவர்கள் எழுதிய பலகையைக் கண்டால் நின்று குறை சொல்லாமல் போகமாட்டார்.

எழுபத்தோராம் ஆண்டில் ஒரு காலை தலையிடியோடு எழும்பினார். எதைப் பார்த்தாலும் வலது பக்கம் இருட்டாக இருந்தது. பித்தம் என்று நினைத்துக்கொண்டு ஆதம்பாவாவின் தேநீர்க்கடைக்குப் போனார். முந்தின நாள்தான் அதற்குப் பலகை எழுதியிருந்தார். அண்ணாந்து பார்த்தால், எந்தத் தேசத்து எழுத்தென்றே தெரியாத கிறுக்கல்.

"ஆர் என்ர பலகையைப் பழுதாக்கினது?"

"நேத்து நீங்கதானே எழுதின, ஹெக்டர் அண்ணன்," என்றார் ஆதம்பாவா.

ஹெக்டர் தூரிகையை எடுத்து, எப்படி எழுத வேண்டுமென்று சுவரிலேயே எழுதிக் காட்டினார். அச்சடித்ததுபோல வந்தது. நாலடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். அதுவும் கிறுக்கல். தான் நிற்கும்போதே எழுத்தை மாற்றியது யாரென்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராக விசாரிக்கத் தொடங்கினார். ஆதம்பாவா ஆளனுப்ப, மனைவி மக்டலின் வந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டொக்டர் பெயரை எழுதச் சொன்னார், எழுதினார். வாசிக்கச் சொன்னார், முடியவில்லை. பல சோதனைகளுக்குப் பிறகு டொக்டர் விளக்கினார். இடது பக்கம் காண்பது மூளையின் வலது பாதிக்குப் போகும், வலது பக்கம் காண்பது இடது பாதிக்கு. எழுத்தை வாசிப்பதும் எழுதுவதும் இடது பாதி. இரத்தக்குழாய் அடைத்ததில் அந்தப் பாதிக்குப் பார்வை போய்விட்டது. வலது பாதி காண்கிறது; ஆனால் கண்டதை மற்றப் பக்கம் கடத்தும் வழியும் பழுது.

"குடா கடக்கிற மூதூர் லோஞ்ச் படகு ஓடாமல் நிண்டமாதிரி. சாமான் அங்காலை கிடக்குது, வாங்கிற ஆள் இஞ்சாலை."

"அப்ப எழுதலாந்தானே?" என்று கேட்டார் ஹெக்டர்.

"ஓம். எழுதுறதுக்கு லோஞ்ச் தேவையில்லை."

எழுதினார். ஆனால் நடுவில் எழும்பித் தேநீர் குடித்தால் எதுவரை எழுதினோம் என்று தெரியாது. சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் தங்கத்துரை என்ற மீனவரின் வள்ளத்துக்கு 'வள்ளிநாயகி' என்று முழுதாக எழுதிவிட்டு, வெற்றிலை போட்டு வந்து மறுபடியும் எழுதினார். அந்தக் கிழமை தங்கத்துரைக்கு நல்ல மீன்பாடு. அதன்பிறகு சல்லியில் பலர் பெயரை இரண்டு தரம் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். ஆனாலும் அதுமுதல் மக்டலின் ஒரு கதிரையைப் போட்டு அருகில் இருந்து சரிபார்த்தாள்.

பிறகு ஹெக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். எழுத்தின் வடிவத்தை விரலால் காற்றில் எழுதிப் பார்த்தால் கைக்கு அது விளங்கியது. தேவாலயத்தில் மற்றவர்கள் புத்தகம் பார்த்துப் பாட்டை முடித்து உட்காரும்போது அவர் இரண்டாவது வரியில் விரலை ஆட்டிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் தோப்பூரில் வேலையிருந்தது; விரல் இருக்கிறதென்ற துணிவில் மக்டலினை விட்டுத் தனியாகப் புறப்பட்டார். லோஞ்சில் போய் மூதூரில் இறங்கி, யாரையும் கேட்க வெட்கப்பட்டு, பஸ்ஸின் பலகையை விரலால் எழுதத் தொடங்கினார். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்த கொண்டக்டர் அவரைப் பிடித்து ஏற்றிவிட்டான். அந்த பஸ் வெருகலுக்குப் போனது. அங்கே முருகன் கோயில் திருவிழாவுக்குப் பலகை எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்தவ வேதக்காரரான ஹெக்டர் மூன்று பலகை எழுதி, அன்னதானத்தில் சாப்பிட்டு, மறுநாள் வீடு திரும்பினார்.

என்ன எழுதினீர்கள் என்று மக்டலின் கேட்டாள்.

"அவை சொன்னதை எழுதினனான். சரியோ பிழையோ, வாசிச்சவைக்குத்தான் தெரியும்."

மக்டலினுக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த லோஞ்சில் புறப்பட்டு வெருகலுக்குப் போய், மூன்றையும் வாசித்துவிட்டு வந்தாள். ஒரு பிழையும் இல்லை.