பிடியரிசிக்குப் போன சனிக்கிழமை

என் கணவரை அடக்கம் செய்த அன்று நான் அழவில்லை. அடுப்புப் பக்கம் போக வேண்டாம் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் கொடுத்த, பால் விடாத கட்டன் சாயாவில் சீனி கூடிப்போயிற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். மகன் வளைகுடாவிலிருந்து வந்து, இருந்து, திரும்பிப் போனான். போன பிறகும் வீடியோவில் கூப்பிட்டு அழுவான். சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன்.

சபையில் எல்லாரும் என் பொறுமையைப் புகழ்ந்தார்கள். இவளைப் போல் துக்கத்தைத் தாங்க வேண்டும் என்று போதகரின் மனைவி நாலு பேர் நடுவில் வைத்துச் சொன்னாள். அது பொறுமை இல்லை என்று எனக்குத் தெரியும். வாலிப வயதில் நான் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில், வேலை பார்த்தேன். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்நுனி தோலுரிந்து மரத்துப்போகும். கொதிக்கிற டம்ளரைப் பிடித்தாலும் சூடு தெரியாது. இப்போது உள்ளுக்குள் எல்லாமே அப்படி இருந்தது.

எங்கள் வீடு பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, பஸ் போகிற ரோட்டை விட்டு உள்ளே இருக்கிறது. கணவர் ரப்பர் வெட்டுகிறவர், மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. நெடுங்காலம் அம்பூரி மலையில் பிறர் தோட்டத்தில் வெட்டினார். மலை ஏற முடியாமல் ஆன பிறகு வீட்டைச் சுற்றி நிற்கும் எங்கள் மரங்களோடு நிறுத்திக்கொண்டார். அவர் போனதும் வெட்ட ஆள் இல்லை. பால் பிடிக்க மரங்களில் கட்டிய தேங்காய்ச் சிரட்டைகளில் மழைத்தண்ணீர் நிறைந்தது. சுகாதாரத் துறையிலிருந்து வந்த பெண் கொசு முட்டையிடும் என்று சொல்லி எல்லாவற்றையும் கவிழ்க்கச் சொன்னாள். கவிழ்த்தேன். அவர் கையால் கட்டியவை ஆயிற்றே என்று மனசு ஏதாவது சொல்லும் என்று பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் விட என்னைப் பயமுறுத்தியது ஜெபம். முழங்கால் போடுவேன். ‘கர்த்தாவே’ என்பேன். அதற்கு மேல் ஒரு சொல் வராது. கோபம் என்றாலும் பரவாயில்லை, அதுவும் கிடையாது. பிறந்த நாள் முதல் பழகிய ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. இனி எத்தனை வருஷம் இருப்பேனோ, அத்தனையும் இப்படியே போய்விடுமோ என்று தோன்றும். அந்தப் பயமும் தூரத்தில் எங்கோதான் இருந்தது.

ஆனால் கை மட்டும் பழையபடி பிடியரிசி எடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சோறு பொங்கும்போது உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியைச் சபைக்கு என்று தனி டின்னில் போட்டு வைப்போம். மாதர் சங்கத்திலிருந்து மாதம் ஒரு முறை வந்து வாங்கிப் போவார்கள். உபவாச ஜெபம் முடிகிற அன்று அதில்தான் எல்லாருக்கும் கஞ்சி. பல வீட்டு அரிசி என்பதால் ஒன்று குழைந்திருக்கும், அடுத்தது பல்லில் கடிபடும். ஒரு ஆளுக்குப் பொங்குகிறவளுக்கு ஒரு பிடி பெரிய காரியம். உலையில் போவதும் டின்னில் போவதும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். அதைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு நாள் இது கள்ளத்தனம் என்று பட்டது. இல்லாத விசுவாசத்துக்கு எதற்கு அரிசி? டின்னைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று, மாதாமாதம் அரிசி வாங்க வரும் சங்கத்துக்காரியின் வீட்டுக்குப் போனேன். அண்டி ஆபீஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைத்தவள் அவள். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே தொலைக்காட்சியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனி எனக்க கணக்கை விட்டுரு. மனசு இல்லாம குடுக்கேன். அது தப்பாக்கும்” என்றேன்.

“ஒனக்க மனசை வாங்கி நான் எங்க கொண்டு வைக்க? அரி தந்தா மதி, அது போதும்” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். விளம்பரம் வந்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். “நல்ல நேரத்துல வந்தே பிள்ளே. எனக்கு முட்டு மடக்க வய்ய, நடக்க முடியல்ல. நாளைக்கு சனிக்கிழமை. நீ போயி எல்லா வீட்டுலயும் வாங்கிட்டு வா.”

வேண்டாம் என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே. அது என்னிடம் இல்லை. டின்னைக் கொடுக்கப் போனவள் சாக்கும் கையுமாகத் திரும்பினேன்.

மறுநாள் வெயில் ஏறும் முன்பே கிளம்பினேன். முதல் வீட்டில் மருமகள்காரி போனில் யாரையோ மலையாளத்தில் விளாசிக்கொண்டே அரிசியைக் கொட்டினாள். பாதி வாசலில் சிந்தியது, கோழி வந்தது. அடுத்த வீட்டில் டின்னையே காணவில்லை. தேடி எடுத்தபோது அதன் மேல் கரண்ட் பில்லும் மாத்திரையும் இருந்தன. இன்னொருத்தி, “போன மாசம்தானே தந்தேன், அதுக்குள்ள வந்துட்டியா?” என்றாள். ஒருத்தி முகத்திலும் பக்தி பொங்கி வழியவில்லை. நான் ஒருத்திதான் மனசில்லாமல் கொடுக்கிறேன் என்று நினைத்து வந்தவள் நான். அது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. சாக்கும் கனத்துக்கொண்டே வந்தது.

கடைசி வீடு லாரி ஓட்டி ஓய்ந்த ஒரு அண்ணனுடையது. போன வருஷம் அவர் மனைவிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சமையல் முழுக்க இப்போது அவர்தான். அவள் படுத்தபடியே பார்க்கட்டும் என்று கட்டிலை அடுக்களை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டிருந்தார்.

என்னைக் கண்டதும் டின்னைத் துடைத்து எடுத்து வந்தார். “ஒரு நாளும் விடல்ல தங்கச்சி. ரெண்டு நேரமும் எடுத்து வச்சேனாக்கும்” என்றார்.

மூடியைத் திறந்தேன். புளித்த வாடை அடித்தது. அரிசி கட்டிகட்டியாகப் பூசணம் பிடித்து, பச்சையும் கறுப்புமாக இருந்தது. கழுவிய அரிசியிலிருந்து ஈரத்தோடு எடுத்துப் போட்டிருக்கிறார், மாதம் முழுக்க.

கட்டிலிலிருந்து குழறிய குரல் வந்தது. “களையுறதுக்கு முந்தி எடுக்கணும்னு சொன்னேன் இல்லியா? கேட்டாதானே.”

“களையாத அரியவா கர்த்தருக்குக் குடுக்கது? அதுல கல்லும் மண்ணும் உண்டு” என்றார் அவர்.

“அவரு களைஞ்சுக்கிடுவாரு. நீங்க சொன்னதைச் செய்தா மதி.”

“பாத்தியா தங்கச்சி, கெடந்துக்கிட்டே ஆட்சியாக்கும்.” இதைச் சொல்லிக்கொண்டே போய்த் தோர்த்துத் துண்டால் அவள் கடைவாயைத் துடைத்தார். கொஞ்சம் அழுத்திவிட்டார் போல. அவள் விழாத கையால் அவர் கையில் ஒரு அடி வைத்தாள். “பைய” என்றாள். அவர் பைய துடைத்தார்.

எனக்குப் பொறாமை வந்தது.

என் கணவர் போன பிறகு எனக்குச் சுரீரென்று வந்த முதல் உணர்ச்சி அதுதான். எழுந்து உட்கார முடியாதவளைப் பார்த்து, பூசணம் பிடித்த டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, வயிறு எரிய நின்றேன். அரிசி கெட்டுப்போனதை நான் சொல்லவில்லை. தனிக் கவரில் வாங்கிக்கொண்டு, வாறேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

ரோட்டுக்கு வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. அவளுக்கு மட்டும் அடிக்க ஒரு கை, ஏச ஒரு ஆள். எனக்க ஆளு படுக்கையிலே கெடந்திருந்தாலும் நான் வேண்டாம்னு சொல்லியிருப்பனா? தூக்கியிருக்க மாட்டேனா, துடைச்சிருக்க மாட்டேனா? சாயா போடுன்னு சொன்னாரு. அடுப்புல வச்சேன். எடுத்துட்டு வாறதுக்குள்ள அவரைக் கொண்டு போயாச்சு. ஒரு சாயா குடிச்சுத் தீருறது வரை பொறுக்க முடியல்லியா உமக்கு? எங்களைப் பொறுமையா இருங்கன்னு சொல்லுத ஆளுதானே? உமக்கு எங்க போச்சு பொறுமை?

எதிரே வந்த ஆட்டோ வேகம் குறைத்தது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். சாக்கை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினேன். வாய் நிற்கவில்லை. மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. கல்யாணமான புதிதில் அம்பூரியில் மழை பிடித்து, பஸ் இல்லாமல் அவர் நடந்தே வந்தாரே, அந்தக் கதை வரைக்கும் இழுத்து வைத்து ஏசினேன்.

வீட்டு வாசலுக்கு வந்து, கேட்டின் கொக்கியை எடுக்கும்போதுதான் உறைத்தது, முழங்கால் போட்டால் ஒரு சொல் வராத நான் இவ்வளவு தூரம் யாரோடு பேசிக்கொண்டு வந்தேன் என்று.

பிறகு உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு, மிச்சத்தையும் ஏசி முடித்தேன்.